ஆங்கிலத்தின் ‘தி’: எது என்று கேட்பவருக்குத் தெரியுமா?

சென்ற இதழில் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதியபோது, ஆங்கிலம் எழுதும் தமிழருக்கு மிகுந்த தொல்லை தரும் சொல் நீளமான, கடினமான சொல் எதுவும் அன்று, மூன்றே எழுத்துகள் கொண்ட ‘தி’ (the) என்னும் டெஃபினிட் ஆர்ட்டிகிள், அதாவது தெரிந்த ஒன்றைக் குறிக்கும் பெயருக்கு முன்னால் வரும் சொல்தான் என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் படித்தபின், இம்மாதப் பகுதி முழுவதையும் அந்தச் சொல்லுக்கே ஒதுக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆங்கில எழுத்தில் 100 சொற்களை எண்ணினால் அவற்றில் ஏறத்தாழ 6 இந்தச் சொல்லாகவே இருக்கும். வேறு எந்தச் சொல்லும் அம்மொழியில் இத்தனை முறை வருவதில்லை.

கேள்வி: ‘தி’ என்றால் ‘அந்த’ என்று பள்ளியில் படித்தேன். ஆனால் மொழிபெயர்ப்புத் தேர்வில் எல்லா இடத்திலும் ‘அந்த’ என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். அதன் சரியான பொருள்தான் என்ன? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: உங்களுக்குச் சொல்லித்தந்தது பாதி சரி. மீதிப் பாதியில்தான் தேர்வில் மதிப்பெண் போயிருக்கிறது.

‘அந்த வீடு’ என்று சொல்லும்போது நம் கை தானாக நீள்கிறது. கை நீளாவிட்டாலும் மனத்தில் ஒரு விரல் நீள்கிறது. பல வீடுகளுக்கு நடுவே ஒன்றைப் பிரித்துக் காட்டுகிற வேலை அது. ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்வது ‘தட்’ என்னும் சொல். ‘தி’ எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. ‘நான் எதைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கு முன்பே தெரியும், அல்லது சொன்ன மாத்திரத்தில் நீங்களே கண்டுகொள்வீர்கள்’ என்று கேட்பவருக்கு உணர்த்துவது மட்டுமே அதன் வேலை.

நம் பாட்டிமார் கதை சொல்லும் முறையை நினைத்துப் பாருங்கள். ‘ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள்.’ முதல் வாக்கியத்தில் ராஜா கேட்பவருக்குப் புதியவன், ஆகவே ‘ஒரு’ வருகிறது. இரண்டாம் வாக்கியத்தில் அவன் அறிமுகமானவன், ஆகவே ‘அந்த’. ஆங்கிலத்தில் முதலில் ‘எ கிங்’, பிறகு ‘த கிங்’ (‘த’ என்பதும் ‘தி’யின் ஒலிப்பே). இந்த இடத்தில் ‘அந்த’ என்று மொழிபெயர்த்தால் எந்தத் தவறும் இல்லை. பள்ளியில் எடுத்துக்காட்டாகத் தருவதும் பெரும்பாலும் இத்தகைய வாக்கியங்களைத்தான்.

இப்போது வேறொன்றைப் பாருங்கள். ‘நேற்று ஒரு பேருந்தில் ஏறினேன். ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்.’ இதை ஆங்கிலத்தில் சொன்னால் ஓட்டுநருக்கு முன்னால் ‘தி’ வந்தே தீரும். அவரைப் பற்றி அதற்கு முன்பு யாரும் பேசவில்லை. இருந்தாலும், ஒரு பேருந்துக்கு ஓர் ஓட்டுநர் உண்டு என்பது கேட்பவருக்குத் தெரியும் என்பதால் அங்கே ‘தி’ போடுகிறார்கள். இந்த இடத்தில் ‘அந்த ஓட்டுநர்’ என்று தமிழில் எழுதினால், ‘எந்த ஓட்டுநர்? முன்பே சொன்னார்களா? நான் ஏதேனும் ஒரு பத்தியை விட்டுவிட்டேனா?’ என்று படிப்பவர் மேலே தேடத் தொடங்கிவிடுவார். பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்புப் படிகளைத் திருத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு படியில் நான் முதலில் அடிப்பது தேவையில்லாத ‘அந்த’க்களைத்தான். அவற்றை நீக்கினாலே வாக்கியம் மூச்சு விடத் தொடங்கும்.

சூரியன், நிலவு, வானம் போன்று ஒன்றே ஒன்றாக இருப்பவற்றுக்கும், தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ‘முதலமைச்சர் பேசினார்’ என்று சொல்லும்போது யார் என்ற ஐயமே எழாதது போன்ற இடங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். பண்புச் சொல்லுக்கு முன்னால் ‘தி’ வந்து, ‘த புவர்’ என்றால் ஏழைகள், ‘த ரிச்’ என்றால் செல்வர்கள் என்று ஒரு கூட்டத்தையே குறிப்பதும் உண்டு.

அப்படியானால் தமிழில் இந்த வேலையை எது செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரே சொல் செய்யவில்லை, பலவும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுள் முதன்மையானது இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’. ‘கடைக்குப் போய்ப் பேனா வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு பேனா. ‘பேனாவை வாங்கினேன்’ என்றால் நீங்களும் நானும் ஏற்கெனவே பேசிவைத்த பேனா. ‘மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கக் கிளம்பினார்கள்’ என்பதற்கும் ‘பெண்ணைப் பார்க்கக் கிளம்பினார்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு எந்தத் தமிழருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாதது. முன்னதில் பெண் யார் என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. பின்னதில் அவள் யார் என்பது சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரியும். ஆங்கிலேயர் ‘தி’யைக் கொண்டு உணர்த்தும் அதே நுட்பத்தை நாம் ஓர் உருபை இட்டும் விட்டும் உணர்த்துகிறோம். இந்த நுட்பம் உங்களுக்குத் தாய்மொழியிலேயே கைவந்திருப்பதால், ‘தி’ உங்களுக்கு முற்றிலும் புதிய பாடம் அன்று.

கேள்வி: ஆங்கிலத்தின் ‘தட்’ என்பதும் வடமொழியின் ‘தத்’ என்பதும் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருக்கின்றன. இது தற்செயலா? ‘தி’ எங்கிருந்து வந்தது? (ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: தற்செயல் அன்று. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. ‘தி’யும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இன்றைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘தி’ என்ற ஒற்றைச் சொல் இருக்கவில்லை. அம்மொழியில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால், அலிபால் என்ற இலக்கணப் பால் வேறுபாடு இருந்தது. ஆண்பாலுக்கு ‘சே’, பெண்பாலுக்கு ‘சேயோ’, அலிபாலுக்கு ‘தட்’ என்று மூன்று சுட்டுச் சொற்கள் இருந்தன. இந்தப் பால் பகுப்பு பொருளைச் சார்ந்தது அன்று. சூரியன் பெண்பால், நிலவு ஆண்பால். மனைவி என்று இன்று பொருள்படும் ‘வைஃப்’ என்பதன் பழைய வடிவம் பெண்ணைக் குறித்தபோதிலும் இலக்கணத்தில் அது அலிபால். போதாக்குறைக்கு இந்தச் சுட்டுகள் வேற்றுமைதோறும் உருமாறின. ஜெர்மன் மொழி கற்றவர்கள் ‘டெர், டீ, டாஸ்’ என்று மனப்பாடம் செய்வது இதே முறைமையின் உயிருள்ள எச்சத்தைத்தான்.

அந்த உருமாறிய வடிவங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: எழுவாயாக வரும் ஆண்பால், பெண்பால் வடிவங்கள் மட்டுமே ‘ச’ ஒலியில் தொடங்கின, மற்றவை ஏறத்தாழ எல்லாம் ‘த’ ஒலியில் தொடங்கின. வடமொழியிலும் இதே கதைதான். ஆண்பால் ‘ஸ’, பெண்பால் ‘ஸா’, மற்றது ‘தத்’. கிரேக்கத்தில் ‘ஹோ’, ‘ஹே’, ‘டோ’. அங்கே பழைய ‘ஸ’ ஒலி ‘ஹ’ ஆகியிருக்கிறது. இத்தனை தொலைவில் உள்ள மொழிகள் இத்தகைய ஒரு முரணை ஒரே இடத்தில் வைத்திருப்பதைத் தற்செயல் என்று யாராலும் சொல்ல முடியாது. வடமொழியில் வல்லொலியாக உள்ள ‘த்’ ஜெர்மானிய மொழிகளில் உரசொலியாக மாறியதை ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822-இல் விதியாக வகுத்துக் காட்டினார். வடமொழியின் ‘த்ரி’ ஆங்கிலத்தில் ‘த்ரீ’ ஆனதும் அந்த விதியின்படிதான்.

10-ஆம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலாந்தின் வடபகுதி எழுத்துகளில் ‘சே’க்குப் பதிலாக, மற்ற வடிவங்களைப் பின்பற்றிய ‘தெ’ தலைகாட்டுகிறது. பெரும்பாலான வடிவங்கள் ‘த’வில் தொடங்கும்போது ஒன்றிரண்டு மட்டும் ஏன் ‘ச’வில் தொடங்க வேண்டும் என்று நாவே சமன்படுத்திக்கொண்டது போலத் தோன்றுகிறது. அடுத்த சில நூற்றாண்டுகளில் வேற்றுமை உருபுகள் தேய்ந்தன, பால் வேறுபாடும் மறைந்தது, பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் நின்ற இடத்தில் மாறாத ஒற்றை ‘தி’ எஞ்சியது. அலிபால் வடிவமான ‘தட்’ மட்டும் தனியே பிரிந்து, உண்மையான சுட்டாக இன்றும் வாழ்கிறது. ஒரே குடும்பத்தில் பிறந்த இரு சொற்களில் ஒன்று விரலை நீட்டும் வேலையை வைத்துக்கொண்டது, மற்றொன்று அந்த விரலை மடக்கிக்கொண்டு, ‘உங்களுக்குத் தெரிந்ததுதான்’ என்று மட்டும் உணர்த்தத் தொடங்கியது. இலத்தீனில் இத்தகைய சொல்லே கிடையாது. ஆனால் இலத்தீனின் ‘இல்லெ’ என்னும் சேய்மைச் சுட்டு தேய்ந்துதான் பிரெஞ்சு மொழியின் ‘ல’, ‘லா’, ஸ்பானிய மொழியின் ‘எல்’, ‘லா’ ஆகியவை பிறந்தன. சுட்டு தேய்ந்து இத்தகைய சொல்லாவது உலக மொழிகளில் பலமுறை நடந்திருக்கிறது.

பழைய வேற்றுமைகளில் ஒன்று இன்றும் யாரும் அறியாமல் உயிரோடு இருக்கிறது. ‘த மோர் த பெட்டர்’ என்று சொல்கிறார்களே, அங்கே வரும் இரண்டு ‘த’வும் பெயருக்கு முன்னால் வரும் ஆர்ட்டிகிள் அல்ல. பழைய சுட்டின் கருவி வேற்றுமை, அதாவது நம்முடைய மூன்றாம் வேற்றுமை போன்ற ஒன்று, ‘அதனால்’, ‘அந்த அளவால்’ என்ற பொருளில் அங்கே ஒளிந்து நிற்கிறது. ‘எவ்வளவுக்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது’ என்னும் நம் தொடரில் ‘அவ்வளவு’ எந்த வேலையைச் செய்கிறதோ அதே வேலை.

இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்று தொல்காப்பியம் வகுத்த மூன்றில், தமிழ்நாட்டார் ‘உ’வைத் தொலைத்துவிட்டோம். கேட்பவர் பக்கத்தில் இருப்பதைக் காட்டும் ‘உது’வும் ‘உந்த’வும் உங்கள் பேச்சில் இன்னும் வாழ்கின்றன. சுட்டு என்பது பேசுபவரின் இடத்தை மட்டும் சார்ந்தது அன்று, கேட்பவரின் இடத்தையும் சார்ந்தது என்பதை ‘உந்தக் கதிரை’ (நாற்காலி) என்று சொல்லும் ஒரு குழந்தைகூட அறிந்திருக்கிறது. இந்தச் சுட்டுகளுக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் பிறப்பால் தொடர்பு எதுவும் இல்லை.

கேள்வி: பழமை தோன்ற எழுதப்பட்ட ஆங்கிலப் பெயர்ப்பலகைகளில் ‘யீ ஓல்ட்’ என்று காணப்படுகிறதே, அந்த ‘யீ’ என்ன? (வாசகர், புதுச்சேரி)

பதில்: அதுவும் ‘தி’யேதான். பழைய ஆங்கிலத்தில் இந்த ஒலிக்கென்று ‘தார்ன்’ என்ற பெயரில் தனி எழுத்து ஒன்று இருந்தது. காலப்போக்கில் கையெழுத்தில் அதன் வடிவம் ‘ஒய்’ எழுத்தைப் போலவே ஆகிவிட்டது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் ‘தார்ன்’ இல்லாததால், அச்சுக் கோப்பவர்கள் சுருக்கி எழுதும் இடங்களில் ‘ஒய்’யைக் கொண்டு சமாளித்தார்கள். எழுத்து மாறினாலும் படித்தவர்கள் அதை ‘த’ என்றே படித்தார்கள். ‘யீ’ என்று ஒலிப்பது பிற்காலத்தாரின் பிழை.

கேள்வி: ‘த’ என்று சொல்வதா, ‘தி’ என்று சொல்வதா? செய்தி வாசிப்பவர்கள் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சேலம்)

பதில்: அவர்கள் ஓர் ஒழுங்கோடுதான் மாற்றுகிறார்கள். அடுத்து வரும் சொல் மெய்யொலியில் தொடங்கினால் ‘த’, உயிரொலியில் தொடங்கினால் ‘தி’. ‘த புக்’, ‘தி ஆப்பிள்’. எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். ‘யூனிவர்சிடி’ ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கினாலும் வாயில் ‘ய’ ஒலிதான் முதலில் வருகிறது, ஆகவே ‘த யூனிவர்சிடி’. ‘அவர்’ என்று நேரத்தைக் குறிக்கும் சொல் ‘எச்’ எழுத்தில் தொடங்கினாலும் அந்த எழுத்து ஒலிப்பதில்லை, ஆகவே ‘தி அவர்’. ‘எம்.எல்.ஏ.’ என்பதற்கு முன்னாலும் ‘தி’யே வரும். ‘அவர்தான், வேறு எவரும் இல்லை’ என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் மெய்யொலிக்கு முன்னாலும் ‘தீ’ என்று நீட்டிச் சொல்வதுண்டு.

தமிழருக்கு இது அயலான ஒழுங்கு அன்று. ‘ஒரு மரம்’, ‘ஓர் ஊர்’ என்று நாமும் அடுத்த ஒலியைப் பார்த்துத்தான் சொல்லை மாற்றுகிறோம். ஆங்கிலத்தின் ‘எ’, ‘ஆன்’ இரண்டும் நம் ‘ஒரு’, ‘ஓர்’ போலவே ‘ஒன்று’ என்ற எண்ணுப் பெயரிலிருந்து வந்தவை. அங்கே ‘ஆன்’தான் மூத்த வடிவம், அதன் ‘ன்’ ஒலி மெய்க்கு முன்னால் உதிர்ந்து ‘எ’ ஆயிற்று. இந்த ‘ன்’ எந்தச் சொல்லுக்கு உரியது என்ற குழப்பத்தில் ‘எ நேப்ரன்’ என்றிருந்தது ‘ஆன் ஏப்ரன்’ ஆகிவிட்டது. சமையலறையில் கட்டிக்கொள்ளும் அந்த மேலாடையின் பெயர் அவ்வாறு ஓர் எழுத்தை இழந்தது.

ஒலிப்பைப் பற்றி இன்னும் ஒன்று. ‘தம்பி’ என்பதன் முதல் ஒலியைக் கொண்டு ‘தி’யைச் சொல்வது நம்மிடையே பெருவழக்கு. ஆங்கிலத்தில் உள்ள ஒலி அது அன்று. ‘அது’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் ‘து’வில் நாக்கு பல்லை இறுக அடைக்காமல் காற்றை உரசவிட்டு மெல்லத் தொடுகிறது. அந்த ஒலியை மட்டும் பிரித்தெடுத்துச் சொல்லின் முதலில் வைத்தால் போதும்.

கேள்வி: காவிரிக்கு ‘தி’ உண்டு, எவரெஸ்டுக்கு இல்லை. பள்ளிக்கு ஒருமுறை உண்டு, ஒருமுறை இல்லை. இதில் என்ன ஒழுங்கு? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

பதில்: பள்ளியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அங்கே ஒழுங்கு தெளிவாக இருக்கிறது. மகன் படிக்கப் போகிறான் என்றால் ‘கோ டு ஸ்கூல்’. அவனுடைய வகுப்பாசிரியரைப் பார்க்க நீங்கள் போகிறீர்கள் என்றால் ‘கோ டு த ஸ்கூல்’. முதலாவதில் பள்ளி என்பது ஒரு கட்டடம் அன்று, படிப்பு என்னும் செயலின் பெயர். இரண்டாவதில் அது தெருமுனையில் உள்ள கட்டடம். மருத்துவமனை விஷயத்தில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் வேறுபடுவார்கள். நோயாளியாகப் படுத்திருப்பவரைப் பிரிட்டனில் ‘இன் ஹாஸ்பிடல்’ என்பார்கள், அமெரிக்காவில் அங்கும் ‘தி’ சேர்த்துக்கொள்வார்கள்.

இடப்பெயர்களில் அத்தனை தெளிவு இல்லை, மரபை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆறுகள், கடல்கள், மலைத்தொடர்கள், தீவுக் கூட்டங்கள் ஆகியவற்றுக்குத் ‘தி’ உண்டு: காவிரி, வங்காள விரிகுடா, இமயமலை, மாலத்தீவுகள். தனிச் சிகரத்துக்கும் தனி ஏரிக்கும் இல்லை. நாடுகளில் ஐக்கிய அமெரிக்கா, நெதர்லாந்து, பிலிப்பைன்ஸ் போன்றவற்றுக்கு உண்டு, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இல்லை. உக்ரைனுக்கு முன்னால் நெடுங்காலம் ‘தி’ போட்டு எழுதிவந்தார்கள். அப்படி எழுதினால் அது ஒரு நாடாக அல்லாமல் ஒரு வட்டாரமாகத் தொனிக்கிறது என்பதால், 1991-இல் அந்நாடு விடுதலை பெற்றபின் அதை நீக்கி எழுதுவதே முறையாயிற்று. மூன்றெழுத்துச் சொல்லை நீக்குவதை ஒரு நாட்டு மக்கள் தன்மானத்தோடு சேர்த்துப் பார்த்தது முற்றிலும் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கடிதம் எழுதும்போது ‘தி’யை விட்டுவிட்டாலும் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. பிறகு ஏன் இத்தனை கவலை? (தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: பெரும்பாலான கடிதங்களில் புரிந்துவிடும் என்பது உண்மை. புரியாமல் போகும் இடம் வரும்போதுதான் இழப்பு பெரிதாக இருக்கும்.

1967 ஜூனில் நடந்த ஆறு நாள் போரில் இஸ்ரேல் பல பகுதிகளைக் கைப்பற்றியது. அதே ஆண்டு நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 242-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. பிரிட்டன் முன்வைத்த அந்த வரைவின் ஆங்கில வாசகம், அண்மைய மோதலில் கைப்பற்றப்பட்ட ‘டெரிடரிஸ்’ (நிலப்பகுதிகள்) என்பவற்றிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்று கூறுகிறது. அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘தி’ இல்லை. ‘த டெரிடரிஸ்’ என்று இருந்திருந்தால், கைப்பற்றிய பகுதிகள் எவை என்பது அனைவருக்கும் தெரிந்ததுதான், அவை அனைத்திலிருந்தும் விலக வேண்டும் என்று பொருள் முடிந்துபோயிருக்கும். அது இல்லாததால், சில பகுதிகளிலிருந்து விலகினால் போதும், எல்லை பேச்சுவார்த்தையில் முடிவாக வேண்டியது என்று ஒரு தரப்பு வாதிட்டது. போரின் மூலம் நிலத்தை அடைவது ஏற்கத்தக்கதன்று என்று அதே தீர்மானத்தின் முகவுரை சொல்வதால் எல்லாப் பகுதிகளும் என்றுதான் கொள்ள வேண்டும் என்று மறுதரப்பு வாதிட்டது. பிரெஞ்சு வாசகத்தில் ‘தி’க்கு நிகரான சொல் இயல்பாகவே சேர்ந்து வருவதால் அந்தத் தரப்பு அதையும் சான்றாகக் காட்டியது. ரஷ்ய மொழியிலோ, நம் மொழியைப் போலவே, அத்தகைய சொல்லே இல்லை. அது எழுத்துப் பிழையால் விடுபட்டது அன்று, தெரிந்தே விடப்பட்டது என்று வரைவில் பங்கெடுத்த பிரிட்டிஷ், அமெரிக்கத் தரப்பினர் பின்னாளில் கூறினார்கள். அந்த வாசகத்தைப் பற்றிய வழக்கு இன்றும் தீரவில்லை.

உங்கள் அலுவலகக் கடிதத்திலும் இதன் சிறு வடிவம் நேரலாம். ‘பழுதான இயந்திரங்களை மாற்றித் தருகிறோம்’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது ‘தி’ இருந்தால், முன்பு பட்டியலிட்ட இயந்திரங்கள் அத்தனையும் என்று பொருள். இல்லாவிட்டால், பழுதானவற்றை மாற்றித் தருவது உங்கள் நிறுவனத்தின் பொதுவான வழக்கம் என்று மட்டுமே வாடிக்கையாளர் படிக்கக்கூடும். ஆகவே கடிதத்தை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நின்று, ‘எது என்று இதைப் படிப்பவருக்குத் தெரியுமா?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தெரியும் என்றால் ‘தி’ போடுங்கள். தெரியாது, ஒன்றே ஒன்றுதான் என்றால் ‘எ’ அல்லது ‘ஆன்’. பலவாக இருந்து, பொதுவாகச் சொல்கிறீர்கள் என்றால் எதுவும் வேண்டாம்.